கனமில்லாத கல்

"இவ்வளவு நீளக் காலை வச்சுக்கிட்டு அது எப்படிம்மா முட்டை மேல உட்காரும்?"

படகுத்துறைச் சுவரில் யாரோ எப்போதோ வரைந்து, உப்புக்காற்றில் பாதி உதிர்ந்துபோயிருந்த ஒரு பறவையைக் காட்டி மகள் இப்படிக் கேட்டபோது அவளுக்கு முன்பல் விழுந்திருந்தது. கறுப்பும் வெள்ளையுமான உடம்பு. மேல்நோக்கி வளைந்த மெல்லிய மூக்கு. குச்சியைப் போல இரண்டு கால்கள். அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. அவள் இந்த ஊருக்கு வாழ வந்தபோதே இந்தக் கோணமூக்கு உள்ளான்கள் இங்கே முட்டையிடுவதை விட்டுவிட்டிருந்தன. குளிர் நாட்களில் ஒன்றிரண்டு தூரத்துச் சேற்றில் மேய்ந்துவிட்டுப் போவதோடு சரி.

"மடிச்சு வச்சுக்கும்டி, உங்கம்மா போர்வை மடிக்கிற மாதிரி" என்றாள் கூட வந்த அத்தை.

"முட்டி முன்னால மடியுமா, பின்னால மடியுமா?"

"அதை அதுகிட்டதான் கேக்கணும்."

கேட்பதற்கு அது அங்கே இல்லை. கேள்வி அப்படியே நின்றுபோயிற்று. பிறகு அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். மகள் படித்து, வேலை கிடைத்து, தூரத்து நகரம் ஒன்றுக்குப் போனாள். வீட்டில் மிஞ்சியது அம்மாவும் அத்தையும்தான்.

அந்த அம்மாவைத் தெரு முழுக்க 'அண்ணி' என்றுதான் கூப்பிடும். நாத்தனார் வாய் ஓயாமல் அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, காய்கறிக்காரர் முதல் ஆஸ்பத்திரி வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். நாத்தனாருக்குத் தெரு வைத்த பெயர் ரேடியோ. காரணம் சொல்லத் தேவையில்லை. கட்டிக்கொடுத்த இடத்தில் ஒட்டாமல் திரும்பி வந்தவள். அண்ணன் இறந்த பிறகும் அண்ணியை விட்டுப் போகாதவள்.

இரண்டு பேரும் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுத்துப் பிழைத்தார்கள். கொப்பரையில் சோடா போட்டு வேகவைத்து, மூன்று தொட்டித் தண்ணீரில் அலசி, ஆளுக்கொரு முனையைப் பிடித்து எதிரெதிர்ப் பக்கமாக முறுக்கிப் பிழிவார்கள். ஒவ்வொரு விரிப்பையும் பிழியும்போது அண்ணியின் உதடு லேசாக அசையும். 'இதுல படுத்தவங்களை எழுப்பி உட்கார வை, ஆண்டவனே.' அவ்வளவுதான் பிரார்த்தனை. படுத்தவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டியவருக்குத் தெரியும் என்று விட்டுவிடுவாள்.

வீட்டின் பின்கதவைத் திறந்தால் கழிமுகம். ஆறு தன் அவசரத்தையெல்லாம் மறந்து கடலுக்குள் கரையும் இடம். கடல் இறங்கும்போது சேறு வெள்ளித் தட்டாக விரியும். ஏறும்போது அதே இடத்தில் வானம் வந்து படுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே, தண்ணீர் தொடாத உயரத்தில் ஒரு கூழாங்கல் திட்டு. அதுதான் இவர்கள் துணி உலர்த்தும் இடம். கொடி கட்டினால் அங்கே காற்று விரிப்பைக் கிழித்துவிடும். அதனால் கல் மேலேயே விரித்து, நாலு மூலைக்கு நாலு கல் வைத்துவிடுவார்கள். கல் சூட்டில் அடிப்பக்கமும் வெயிலில் மேல்பக்கமும் ஒன்றாகக் காயும். கொண்டுபோன கூடை காலியாவதற்குள் முதலில் விரித்தது காய்ந்திருக்கும்.

மூலைக்கல்லைப் பார்த்து எடுக்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. ஒரு கை விரிப்பை நீவிக்கொண்டிருக்கும். மற்றக் கை பக்கத்தில் தடவி, அகப்பட்ட கல்லை எடுத்து வைக்கும். இத்தனை வருஷத்தில் கைக்கே கண் வந்துவிட்டிருந்தது.

அன்று காலை மூடுபனி. திட்டு இருக்கிறது என்று காலுக்குத்தான் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு பெண்களும் வெள்ளைக்குள் வெள்ளையை விரித்துக்கொண்டு போனார்கள்.

"அண்ணி, இந்தக் கல்லு ஏமாத்துது" என்று பனிக்குள்ளிருந்து ரேடியோவின் குரல் வந்தது.

"கல்லு என்னடி ஏமாத்தும்?"

"மூலையில வச்சேன். ஷீட்டோட சேந்து உருளுது. கனமே இல்ல. சூடா வேற இருக்கு."

"வெயில்ல கெடந்திருக்கும்."

"எந்த வெயில்ல? உங்க மூஞ்சியே எனக்குத் தெரியல."

அண்ணி குரலைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். ரேடியோவின் உள்ளங்கையில் களிமண் நிறத்தில், கறுப்புப் புள்ளி தெளித்த ஒரு கல். கல் இல்லை. அண்ணி அதன்மேல் விரல் வைத்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றி தொட்டுப் பார்க்கிற சூடு.

"முட்டைடி."

"ஐயோ!" ரேடியோ கையை உதறப் போனாள்.

"உதறாத! கையை அப்படியே வச்சுக்க. எங்க எடுத்த?"

"எனக்கென்ன தெரியும்? கைதானே எடுத்துச்சு!"

அதற்குள் தலைக்கு மேலே 'க்ளூட், க்ளூட்' என்று ஒரு குரல் சுற்றத் தொடங்கிவிட்டது. பனியில் உருவம் தெரியவில்லை. குரல் மட்டும் பக்கத்தில் வந்தது, போனது, அழுவது போலத் திரும்ப வந்தது. இரண்டு பேரும் மண்டியிட்டுத் தேடினார்கள். கடைசியாக விரித்த விரிப்பின் ஓரத்தைத் தூக்கியபோது அடியில் ஒரு பள்ளம் இருந்தது. பள்ளம் என்றுகூடச் சொல்ல முடியாது. யாரோ உட்கார்ந்து எழுந்த தடம் அளவுக்கு ஒரு குழிவு. சுற்றிலும் உடைந்த சிப்பித் துண்டுகள். உள்ளே, கூர்முனைகள் நடுவில் சேர, மூன்று முட்டைகள். நாலாவதின் இடம் காலி.

ரேடியோ மூச்சைப் பிடித்துக்கொண்டு முட்டையை இறக்கி வைத்தாள். அண்ணி விரிப்பைச் சத்தமில்லாமல் சுருட்டினாள். இருவரும் வீட்டுப் பின்கதவு வரை திரும்பிப் பார்க்காமல் வந்து, அங்கே நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

பனி கொஞ்சம் விலகியது. பறவை இறங்கியது. சுவரில் பார்த்த அதே உடம்பு, அதே மூக்கு. ஆனால் சுவரில் இல்லாத ஒரு நீலம் அதன் கால்களில் இருந்தது, துணிக்குப் போடும் நீலம் கடைசி அலசலில் கரைந்த மாதிரி. அது குழிவின் மேல் வந்து நின்றது. குனிந்து மூக்கால் முட்டைகளைச் சற்றே நகர்த்தியது. பிறகு அந்தக் கால்கள் பின்பக்கமாக, மெல்ல மெல்ல மடிந்தன. மார்பு முன்னே இறங்கியது. இரண்டு முறை அசைந்து, வயிற்றுச் சிறகை ஒதுக்கி, உட்கார்ந்துவிட்டது.

"பின்னாலதான்" என்றாள் அண்ணி.

"என்ன பின்னால?"

"முட்டி. பின்னாலதான் மடியுது."

அன்று மகளுக்குப் போன் செய்து இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். "நான் எப்பம்மா அப்படிக் கேட்டேன்? எனக்கு ஞாபகமே இல்லையே." அண்ணிக்கு வருத்தம் வரவில்லை. பிள்ளைகள் கேட்டுவிட்டு மறந்து போகும் கேள்விகளைப் பெற்றவர்கள்தான் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். கேட்டவர் மறந்தாலும் பதில் வரத்தான் செய்கிறது.

மறுநாள் திட்டில் இன்னொரு ஜோடி. அதற்கடுத்து இன்னும் இரண்டு. துணி விரிக்கும் இடத்தின் நட்டநடுவில்.

"என்ன பண்ணலாம் அண்ணி?" ரேடியோ கொப்பரை முன்னால் உட்கார்ந்து கேட்டாள். "எங்கப்பா சொல்வாரு, குஞ்சு பொரிக்க ஒரு மாசம்கூட ஆகாதாம். ஆனா ஆள் நடமாட்டம் இருந்தா விட்டுட்டுப் போயிடுமாம். அப்படித்தான் முன்னாடி போச்சாம்."

"அப்ப நாம நடமாட வேணாம்."

"ஷீட்டு?"

ஷீட்டுதான் கேள்வி. போன மழைக்காலத்தில் இரண்டு கட்டு ஈரம் காயாமல் போய்ச் சேர்ந்ததற்கு, ஆஸ்பத்திரி ஸ்டோரைப் பார்க்கும் அம்மா கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: 'அண்ணி, உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா டவுன்ல மெஷின் லாண்டரிக்காரன் வாசல்லயே நிக்கிறான். இன்னொரு தடவை ஈரத்தோட வந்தா என்னால எதுவும் செய்ய முடியாது.' இந்த வேலை போனால் இரண்டு பேருக்கும் வேறு வேலை தெரியாது. அண்ணியின் முதுகு புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும் வயதையும் தாண்டிவிட்டது.

"மாடியில போடலாம். உள்ள கொடி கட்டலாம். அடுப்புப் பக்கம் காய வைக்கலாம்" என்றாள் அண்ணி.

"நம்ம மாடி ரெண்டு ஷீட்டுக்கே மூச்சு முட்டும். கொஞ்சம் ஈரத்தோட அடியில வச்சுக் கட்டிட்டா யாருக்குத் தெரியும்? மேல நல்லா காஞ்சதா நாலு வச்சா..."

"முதுகுக்குத் தெரியும்டி. படுக்கிறவங்க முதுகுக்கு."

ரேடியோ அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள். "பறவையையும் விட மாட்டீங்க, முதுகையும் விட மாட்டீங்க. உங்களோட இருந்தா நான் நேரா சொர்க்கத்துக்குத்தான் போவேன், அதுவும் பட்டினியா" என்றாள். பிறகு எழுந்து கொடிக்கயிறு தேடப் போனாள்.

"ரேடியோ, இதை எங்கயும் ஒலிபரப்பாத. ஊர் தெரிஞ்சா கூட்டம் கூடிடும்."

"சுவிட்சை அணைச்சிட்டேன் அண்ணி. நீங்க வேணா பாருங்க."

அவள் நிஜமாகவே யாரிடமும் சொல்லவில்லை. கடையில் சர்க்கரை வாங்கும்போதுகூட வாயை இறுக்கிக்கொண்டு நின்றதால், உடம்பு சரியில்லையா என்று கடைக்காரர் விசாரித்தார்.

வீடு விரிப்புகளால் நிறைந்தது. அறைக்கு அறை கயிறு. ஒரு விரிப்பை விலக்கினால் இன்னொரு விரிப்பு; அதற்குப் பின்னால் எங்கோ ஜன்னல் வெளிச்சம். சமையலறைக்குப் போவதற்குள் ரேடியோ வழி தவறி, "அண்ணி, நான் எந்த ரூம்ல இருக்கேன்?" என்று கூப்பிடுவாள். ஈர வெள்ளைக்குள் நடக்கையில் அண்ணிக்கு எது துணி, எது சிறகு என்று மறந்துபோகும். பின்ஜன்னலில் நின்றால் திட்டின் மேல் வெள்ளைப் புள்ளிகள் அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஒன்று எழுந்திருக்கும், துணை வந்து அந்த இடத்தில் உட்காரும். மாற்றும்போது இரண்டும் ஒரு கணம் எதிரெதிரே நின்று தலை தாழ்த்திக்கொள்ளும். இரண்டு பேர் விரிப்பை மடிக்கும்போது நடுவில் வந்து முனை சேர்ப்பார்களே, அப்படி.

ஆனால் துணி காயவில்லை. அடுப்பு நெருப்பில் காய்ந்தவற்றில் புகைவாசனை ஏறியது. மறுபடி அலச வேண்டியதாயிற்று. ஒரு கட்டு தாமதமாகப் போனது. ஸ்டோர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். அது திட்டுவதைவிட மோசம்.

திட்டுக்கு அந்தப் பக்கம் படகு பழுது பார்க்கும் கொட்டகை ஒன்று இருந்தது. அதை நடத்துபவர் தார்க்காரர். கையில், நகத்தில், புருவத்தில்கூடத் தார். அவரும் அண்ணியும் பேசி வருஷக்கணக்காயிற்று. ஒருமுறை அவர் தார் காய்ச்சிய புகை காற்று மாறி வந்து, உலர்ந்துகொண்டிருந்த விரிப்புகளின் மேல் கரிப்பொட்டு வைத்துவிட்டது. அண்ணி கோபத்தில் படகுக்காரர்கள் முன்னால், "உங்க கை பட்ட எதுவும் வெளுக்காது" என்று சொல்லிவிட்டாள். அவர் கொட்டகைக்குள் போய்விட்டார். அன்றிலிருந்து பேச்சு ரேடியோ வழியாகத்தான், அதுவும் தேவைப்பட்டால்.

அவரிடம் ஒரு நாய் இருந்தது. சாம்பல் நிறம், எப்போதும் ஓட்டம். திட்டில் மூக்கை வைத்துக்கொண்டு திரிவதுதான் அதன் உத்தியோகம்.

"நாயைக் கட்டச் சொல்லணும்" என்றாள் அண்ணி.

"நான் போய் தார்க்கார அண்ணன்கிட்ட சொல்லிடறேன்."

"வேணாம். நான் பேசினதுக்கு நான்தான் போகணும்."

சொல்லிவிட்டாளே தவிர, கொட்டகை வரை போவதற்குள் இரண்டு தடவை நின்றாள். என்ன சொல்லித் தொடங்குவது என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்தாள். போய்ப் பார்த்தால் நாய் ஏற்கனவே கட்டியிருந்தது. புதுக்கயிறு. பக்கத்தில் நிழலுக்கு ஒரு சாக்கு. முன்னால் எலும்பு. நாய் அவளைப் பார்த்து, தனக்கு நேர்ந்த அநியாயத்தைச் சொல்வது போல ஊளையிட்டது.

தார்க்காரர் கொட்டகைக்குள் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மணலும் தண்ணீரும் போட்டு, தென்னந்துடைப்பத்தால், குனிந்த முதுகு நிமிராமல். தார்ப் பீப்பாய்கள் வெளியே தூரத்தில் சாக்கு போட்டு மூடிக் கிடந்தன. கவிழ்த்திருந்த படகுகளும் வெளியேதான் இருந்தன. உள்ளே ஒரு தூணிலிருந்து மறு தூணுக்கு, கொட்டகை நீளத்துக்கு வெள்ளை நைலான் கயிறுகள் வரிசையாகக் கட்டியிருந்தன. கடலைப் பார்த்த பக்கம் திறந்திருந்ததால் காற்று உள்ளே நுழைந்து கயிறுகளை மீட்டிவிட்டு மறுபக்கம் போயிற்று.

அவர் அவளைப் பார்த்தார். துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஷெட்டு சும்மாதான் கெடக்கு. காத்து நல்லா வரும். தேவைப்பட்டா போட்டுக்கலாம்."

"தார் வேலை?"

"நிறுத்தியாச்சு. நெஞ்சுல சளி. புகை ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒரு மாசம்."

"ஐயோ. மருந்து சாப்பிடறீங்களா?"

"ம்."

"கயிறு புதுசு மாதிரி இருக்கு."

"பழசுதான்" என்றார். கயிற்றின் முனையில் கடையில் ஒட்டிய காகிதம் இன்னும் இருந்தது. "என் கை பட்ட கயிறு இல்ல. கடையில சுத்தின காகிதத்தோடவே பிடிச்சுக் கட்டிட்டேன்."

அண்ணிக்கு முகம் சுட்டது. அவர் குத்திக்காட்டவில்லை; உள்ளதைத்தான் சொன்னார். அது இன்னும் சுட்டது. பறவை என்ற வார்த்தையை இருவருமே எடுக்கவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் திட்டின் பக்கம் மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து விரிப்புகள் கொட்டகையில் தொங்கின. கடல் ஏறும் நேரத்தில் தண்ணீரின் வெளிச்சம் உள்ளே வந்து அவற்றின் மேல் நெளியும். உள்ளே நிற்பவருக்கு ஏதோ பெரிய படகு பாய்களை விரித்து மெதுவாக எங்கோ போவது போலவும், தானும் அதில் போவது போலவும் தோன்றும். அண்ணி பல நாள் அங்கே வேலை முடிந்த பிறகும் நின்றாள். அந்த நேரங்களில் அவள் எதையும் கேட்டுப் பிரார்த்திக்கவில்லை. கேட்காமலே கொடுத்தவனிடம் என்ன கேட்பது?

ஸ்டோர் அம்மா முதல் கட்டைப் பிரித்துத் தடவிப் பார்த்தார். முகர்ந்தார். நெற்றி சுருங்கியது.

"என்ன அண்ணி, வெயில் வாசனையைக் காணோம்? மர வாசனை அடிக்குது."

அண்ணி கட்டைத் திருப்பி எடுக்கக் கை நீட்டினாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் ஸ்டோர் அம்மா. "காஞ்சிருக்கு. வச்சுட்டுப் போங்க."

தார்க்காரர் பகலெல்லாம் கொட்டகை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். யாராவது திட்டின் பக்கம் நடந்தால், "அங்க சேறு உள்ள இழுக்கும், சுத்திப் போங்க" என்பார். அந்தத் திட்டில் சேறே கிடையாது. அண்ணி வந்தால் எழுந்து நாயோடு பேசப் போய்விடுவார். ஒரு முறைகூட அவர் இருமி அண்ணி கேட்டதில்லை.

உண்மை ஒரு நாள் தானாக வெளியே வந்தது. அண்ணி கொட்டகைக்குள் விரிப்புகளுக்கு நடுவே இருந்தாள். வெளியே படகுக்காரர் ஒருவரின் குரல்.

"எத்தனை நாளாய்யா என் படகு கவுந்து கெடக்கும்? சீசன் தொடங்கப்போகுது."

"சளி" என்றார் தார்க்காரர்.

"என்ன சளி? நேத்து நீ ஆத்துல நீந்திக்கிட்டிருந்ததை நான் பாத்தேன்!"

"நீந்தினாத்தான் சளி கரையும்னு டாக்டர் சொன்னாரு."

"எந்த டாக்டர்? பேரைச் சொல்லு!"

"பேர் நல்ல பேரு. வாயில வரமாட்டேங்குது."

"நீ துணி காயப் போடறவன் ஆயிட்டேன்னு ஊரே சிரிக்குதுய்யா. நான் படகை வேற ஆளுகிட்ட கொண்டுபோறேன்."

"கொண்டுபோ. வண்டியில ஏத்த ஒரு கை வேணும்னா நானும் வர்றேன்."

படகுக்காரர் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியாமல் போய்விட்டார். அண்ணி விரிப்புக்குப் பின்னால் அசையாமல் நின்றாள். தார்ப் புகை முட்டை மேல் உட்கார்ந்த பறவைகளைக் கிளப்பிவிடும் என்று அவர் முதல் நாளே கண்டுகொண்டிருக்கிறார். அவளுக்கு முன்னாலேயே, ஒருவேளை. ஆனால் அதற்கு வேலையை நிறுத்தியிருந்தால் போதும். தரையைத் தேய்த்திருக்க வேண்டாம். புதுக் கயிறு கட்டியிருக்க வேண்டாம். அது பறவைக்காகச் செய்தது இல்லை.

நல்லது செய்பவர்கள் பொய் சொல்லும்போது எவ்வளவு மோசமாகச் சொல்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். பழக்கம் இல்லாததுதான் காரணம்.

ஒரு காலையில் ரேடியோ பின்ஜன்னலில் நின்று கத்த வாயைத் திறந்து, கையால் பொத்திக்கொண்டாள். சிப்பிகளுக்கு நடுவே சாம்பல் பஞ்சு ஒன்று நடந்துகொண்டிருந்தது. உடம்புக்குப் பொருந்தாத கால். மூக்கு முனையில் இப்போதே ஒரு சின்ன வளைவு. பின்னால் இன்னொன்று. அது தடுக்கி விழுந்து, விழுந்த இடத்தில் உட்கார்ந்து, எதற்கு வந்தோம் என்பதை மறந்துவிட்ட மாதிரி விழித்தது.

"அண்ணி, இதுல எதுவோ ஒண்ணுதான் நான் கையில வச்சிருந்தது."

"ஆமா."

"நான் மூலைக்கு வச்சேன் பாருங்க. இப்பவும் அது கண்ணு முன்னால நிக்குது."

"வச்ச. திருப்பியும் வச்ச" என்றாள் அண்ணி.

குஞ்சுகளைத் தாய்ப்பறவைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீர் ஓரத்துக்கு நடத்திக்கொண்டு போயின. மற்ற குழிவுகளும் சில நாட்களில் காலியாயின. கழிமுகம் முழுக்கச் சின்னச் சாம்பல் உருண்டைகள் சேற்றைக் கிளறி மேய்ந்தன. இரை தேடத் தாய்கூடச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவற்றுக்கே தெரிந்திருந்தது. திட்டு மறுபடி வெறும் கல்லாயிற்று. ரேடியோ இப்போது ஒவ்வொரு மூலைக்கல்லையும் கண்ணால் பார்த்து, ஒரு தட்டுத் தட்டி, பிறகுதான் வைத்தாள்.

அண்ணி கயிறுகளைக் கழற்றித் துவைத்து, சுருட்டி எடுத்துக்கொண்டு தார்க்காரரிடம் போனாள். அவர் முட்டுக்கொடுத்துத் தூக்கிய படகு ஒன்றின் அடியில் மல்லாந்து கிடந்தார். வெளியே இரண்டு கால் மட்டும் தெரிந்தது.

"உங்களுக்கு நன்றி சொல்லணும்" என்றாள் கால்களிடம்.

"எதுக்கு?"

"அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"என்னைக்கு?" என்றது படகு. "சளி போயிடுச்சு. வேலைக்கு வந்துட்டேன். அவ்வளவுதான். கயிறை அங்கயே வச்சிடுங்க."

அவ்வளவுதான் முடிந்தது. சிலருக்கு நன்றி சொல்வதே அவர்கள் மேல் கல் எறிவது மாதிரி, ஒதுங்கிக்கொள்கிறார்கள். அண்ணி கயிற்றை வைத்துவிட்டுத் திரும்பினாள். ஆனால் கண்ணில் பட்டதை அவளால் காணாமல் இருக்க முடியவில்லை.

வாசலில் படகுகள் நெருக்கிக்கொண்டு கவிழ்ந்து கிடந்தன. சீசனுக்குள் எல்லாம் தண்ணீரில் இறங்க வேண்டும். படகின் பலகைகளுக்கு இடையே உள்ள இடுக்கில் துணித் திரியை உளியால் அடித்து இறுக்கி, அதன் மேல்தான் தார் பூச வேண்டும். தார் பூசுவது சீக்கிரம் முடிந்துவிடும். திரிதான் நேரத்தைத் தின்னும். பழந்துணியை நீளமாகக் கிழித்து, முடிச்சு விழாமல், ஒரே தடிமனாக முறுக்க வேண்டும். தளர்ந்தால் தண்ணீர் உள்ளே வரும். அவர் பக்கத்தில் முறுக்கி வைத்திருந்தது கைப்பிடி அளவுகூட இல்லை. படகுக்கு அடியிலிருந்து நீண்ட கைவிரல்கள் எல்லாம் வெடித்திருந்தன.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அண்ணி ஸ்டோர் அம்மாவிடம், கிழிந்துபோய்க் கழித்துவிட்ட விரிப்புகளைக் கேட்டாள்.

"எடுத்துக்கங்க. எரிக்கத்தான் வச்சிருக்கோம். எதுக்கு?"

"ஒரு வேலை இருக்கு" என்றாள் அண்ணி.

அவற்றைத் துவைத்து, தார்க்காரர் படகை வெள்ளோட்டம் விட நாயையும் ஏற்றிக்கொண்டு ஆற்றின் மேல்பக்கம் போகும் ஒரு மத்தியானத்துக்காகக் காத்திருந்தாள். ரேடியோவிடம் தலைவலி என்று சொன்னாள். ரேடியோ சந்தைக்குப் போனாள்.

கொட்டகை வெறிச்சோடிக் கிடந்தது. கடல் ஏறிக்கொண்டிருந்தது. கூரையின் அடிப்பக்கத்தில் தண்ணீரின் வெளிச்சம் நெளிந்தது. அண்ணி விரிப்பின் ஓரத்தில் பல்லால் ஒரு கிழிசல் வைத்து இழுத்தாள். துணி ஒரே நேராகக் கிழிந்து வந்தது. ஒரு முனையைத் தூணில் சுற்றி, மறுமுனையைக் கையில் பிடித்து முறுக்கினாள். இது எதிர்முனையில் ரேடியோ இல்லாத பிழிதல். தூண் நன்றாகவே பிடித்துக்கொண்டது. எத்தனையோ பேர் நோவில் புரண்ட துணி, எத்தனையோ பேர் அதிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போன துணி, அவள் கையில் இறுகி, விரல் தடிமனில் நீண்டு, சுருள் சுருளாக மடியில் விழுந்தது. பழக்கத்தில் உதடு அசைந்தது. 'இதுல போறவங்களைக் கரை சேத்துடு, ஆண்டவனே.'

எல்லாப் படகுக்கும் போதும் என்று தோன்றியபோது நிறுத்தினாள். சுருள்களை உளிக்குப் பக்கத்தில் அடுக்கினாள். தரையில் உதிர்ந்த நூலைப் பொறுக்கி எடுத்துக்கொண்டாள். தன் காலடி பதிந்திருந்த மணலைத் துடைப்பத்தால் ஒருமுறை இழுத்துவிட்டு, ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். படகு எதுவும் வரவில்லை. வந்த வழியே வீட்டுக்குப் போனாள்.